மானிப்பாயில் உதித்த தாரகை

செய்தித்தாள் தோன்றுவதற்கு முன்பு, செய்தி மக்களின் கால்களாலேயே நடந்தது. கெடில ஆற்றின் கரையில் விளங்கும் திருவந்திபுரத்தை எடுத்துக்கொள்வோம். தேவநாதப் பெருமாளைச் சேவிக்கப் பல ஊர்களிலிருந்தும் அடியவர் வருவர். வந்தவர் சத்திரத்திலும் மண்டபத்திலும் தங்கித் தம் ஊர்ச் செய்திகளைக் கூறுவர். பிற ஊர்ச் செய்திகளைக் கேட்டுக்கொண்டு திரும்புவர். எவ்வூரில் மழை பெய்தது, எங்கு நெல் என்ன விலைக்கு விற்றது, எத்திசையில் பேதி நோய் பரவுகின்றது என்பனவெல்லாம் இவ்வாறே ஊர்விட்டு ஊர் சென்றன. சிதம்பரத்து மார்கழித் திருவாதிரைக்கோ கடல் கடந்தும் அடியவர் வந்தனர். அவருள் யாழ்ப்பாணத்தார் பலர்.

இங்ஙனம் நடந்து வந்த செய்திக்குக் குறைகள் இருந்தன. அது காலந்தாழ்த்து வந்தது. வாய் மாறுந்தோறும் உருவும் மாறியது. இவற்றினும் பெரிய குறை மற்றொன்று உண்டு. ஒருவரைப் பற்றியோ ஒரு சமயத்தைப் பற்றியோ பழிமொழி ஒன்று புறப்பட்டுவிட்டால், அது சென்ற இடமெல்லாம் மறுமொழியும் தொடர்ந்து செல்வதற்கு வழியில்லை. கேட்டவர் ஒருவர், மறுப்பதற்கு உரியவர் வேறொருவர், இருவரும் சந்திப்பதே அரிது. சொல்லும் மறுசொல்லும் ஒரே தாளில், ஒரே வகையான எழுத்தில், ஒரே படிப்போர் முன்பு நிற்கும் நிலையைத் தந்தது செய்தித்தாள் ஒன்றே.

அத்தகைய தாள் ஒன்று தமிழில் மிகப் பழங்காலத்திலேயே ஒரு சிற்றூரில் தோன்றிற்று. சென்னை போன்ற தலைநகரில் அன்று. சிதம்பரத்திற்கு அடியவர் வந்த அந்த யாழ்ப்பாணத்தில், நகரிலிருந்து வடமேற்கே சில கல் தொலைவில் உள்ள மானிப்பாய் என்னும் ஊரில். அதன் பெயர் உதயதாரகை.

மானிப்பாய்க்கு அச்சுப்பொறி வந்த வரலாறே ஒரு சிறு கதை. அமெரிக்க நாட்டிலிருந்து கிறித்தவத் தொண்டர் சிலர் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை முதலிய ஊர்களில் தங்கிப் பள்ளிகளை நிறுவினர். நூல்களை அச்சிடாமல் கல்வியும் சமயப் பணியும் பரவா என்பதை அவர் அறிந்திருந்தனர். ஆதலால், அச்சுத் தொழில் வல்லவரான ஜேம்ஸ் காரெட் என்பவர் 1820ஆம் ஆண்டில் அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பெற்றார். அப்பொழுது இலங்கை ஆங்கில முடியரசின் நேராட்சியில் இருந்தது. அயல்நாட்டார் ஒருவர் அச்சுப்பொறியோடு வந்து இறங்குவதை ஆட்சியாளராகிய எட்வர்டு பார்ன்சு விரும்பவில்லை. காரெட் நாட்டில் தங்கலாகாது என்று ஆணை பிறந்தது. எத்தனையோ முறை விண்ணப்பம் செய்தும் பயனில்லை. அவர் இந்தியாவிற்குச் சென்று பம்பாயில் பணியாற்றினார். அச்சுப்பொறியோ, ஆங்கிலேயத் தொண்டர் இருந்த நல்லூரில் அவர்தம் பொறுப்பில் இயங்கிற்று.

படையும் படைக்கலமும் இல்லாத ஓர் அச்சுத் தொழிலாளரைக் கண்டு ஓர் அரசு அஞ்சியது என்பது இன்று நகைப்பாகத் தோன்றலாம். அவ்வரசு பிழையாகக் கணக்கிடவில்லை. ஈயத்தால் ஆகிய சிறிய எழுத்துகள் என்ன செய்ய வல்லன என்பதை அது நன்கு உணர்ந்திருந்தது. பின்னர்க் கட்டுப்பாடு தளர்ந்தது. 1834ஆம் ஆண்டில் ஈஸ்ட்மன் ஸ்டிராங் மைனர் என்னும் அமெரிக்க அச்சுத் தொழிலாளர் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அச்சகம் நிலைபெற்றது.

ஏழாண்டுகள் கழித்து, 1841ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 7ஆம் நாள் வியாழக்கிழமை, உதயதாரகையின் முதல் இதழ் அவ்வச்சகத்திலிருந்து வெளிவந்தது. மாதம் இருமுறை, தமிழிலும் ஆங்கிலத்திலும் அது வெளியாயிற்று. உதயம், தாரகை என்னும் வடசொற்கள் இரண்டும் சேர்ந்து விடியற்காலத்து விண்மீனைக் குறித்தன. விடிவெள்ளி என்னும் அழகிய தமிழ்ச்சொல் இருக்க, வடசொற்களை ஏன் நாடினர் என்று வினவலாம். அக்காலத்துக் கற்றோர், வடமொழிப் பெயரே ஒரு நூலுக்குப் பெருமை தரும் என்று எண்ணினர். இதழ் நடத்தியவரும் அவ்வழக்கையே பின்பற்றினர்.

அதன் ஆசிரியர் இருவர். ஒருவர் பெயர் என்றி மார்ட்டின். மற்றவர் பெயர் சேத் பேசன். பெயரைக் கண்டு இவர்களை வெள்ளையர் என்று கொள்ளுதல் கூடாது. இருவரும் தமிழர், வட்டுக்கோட்டைக் கல்லூரியில் பயின்றவர். அக்கல்லூரி மாணவர் சிலருடைய உணவுக்கும் உடைக்கும் அமெரிக்காவிலுள்ள செல்வர் பொருள் அனுப்புவர். அங்ஙனம் அனுப்புவோர் விரும்பிய பெயரே மாணவர்க்கு இடப்படும். பெற்றோர் இட்ட பெயரை இழந்து கடல் கடந்து வந்த பெயரைச் சுமந்த இளைஞர் பலர் அந்நாளில் இருந்தனர். பெயர் அயலாயினும் அவர்தம் எழுதுகோல் தமிழிலேயே ஓடிற்று.

கல்வி, அறிவியல், இலக்கியம், வேளாண்மை, அரசாட்சி, சமயம் ஆகியன பற்றிய கட்டுரைகளையும், முதன்மையான செய்திகளின் சுருக்கத்தையும் தருதல் இதழின் நோக்கமாக அறிவிக்கப்பெற்றது. தந்தி என்பது அந்நாட்டில் இல்லை. இந்தியாவிற்கும் இலங்கைக்கும் இடையே தந்திக்கம்பி தொடர்புற்றது 1858ஆம் ஆண்டளவில்தான். யாழ்ப்பாணத்திற்குப் புகைவண்டி வந்ததோ 1905ஆம் ஆண்டில். ஆகவே, உலகச் செய்தி கப்பலில் வந்தது. உள்நாட்டுச் செய்தி தபாற்காரன் தோளில் வந்தது. இவை காலந்தாழ்த்து வந்தாலும் இடையில் உருமாறாமல் வந்தன என்பதே புதுமை.

அவ்விதழ் எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிதல் நன்று. கணிப்பொறியில் எழுத்தைத் தட்டி நொடிப்பொழுதில் படியெடுக்கும் இக்காலத்தார்க்கு அக்காலத்து உழைப்பு எளிதில் விளங்காது. ஈயமும் பிற உலோகங்களும் கலந்து வார்த்த எழுத்துகள், சிறு சிறு அறைகளைக் கொண்ட மரப்பெட்டிகளில் இடப்பட்டிருக்கும். அச்சுக்கோப்பவர் கட்டுரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையிலுள்ள சட்டத்தில் அடுக்குவார். எழுத்துகளெல்லாம் கண்ணாடியில் தோன்றுவன போல இடவலம் மாறியிருக்கும். தமிழில் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி அச்சு வேண்டுவதில்லை. ஆயினும் உகர ஊகாரம் ஏறிய உயிர்மெய்கள் தம் வடிவில் வேறுபடுதலால், அவற்றுக்குத் தனி அச்சுகள் வேண்டும். ணா, றா, னா போன்றவற்றுக்கும் பழைய வடிவில் தனி அச்சுகள் இருந்தன. 1978ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின்னரே அவை வழக்கொழிந்தன. ஆங்கிலத்திற்கு வேண்டும் அறைகளைவிடத் தமிழுக்கு வேண்டும் அறைகள் பல மடங்கு மிகுதி. கோத்து முடிந்ததும் மைதடவி ஒரு படி எடுத்துப் பிழை திருத்துவர். பின்னர் ஈரமாக்கிய தாளை அதன்மேல் விரித்து, கைப்பிடியை இழுத்து அழுத்துவர். ஒரு முறை இழுத்தால் ஒரு தாள். தாளின் மறுபக்கத்திற்கு மீண்டும் ஒரு முறை. அச்சிட்டு முடிந்தபின் அத்தனை எழுத்துகளையும் பிரித்து அவ்வவற்றின் அறைகளில் இடவேண்டும்; இன்றேல் அடுத்த இதழுக்கு எழுத்து இராது.

இவ்வுழைப்பால் தமிழ் எழுத்திற்கு விளைந்த நன்மை ஒன்று உண்டு. பனையோலையில் எழுதுவோர் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வரிவடிவில் வேறுபாடு காட்டுதலும் இல்லை. எரி என்று எழுதினாலும் ஏரி என்று எழுதினாலும் ஏட்டில் வடிவம் ஒன்றே. வீரமாமுனிவர் இவ்வேறுபாட்டைக் காட்ட வகை செய்தார். எனினும் ஓலை எழுதுவோர் பலர் பழைய வழக்கையே விடாது பற்றினர். செய்யுளைப் படிப்பவர் எதுகை மோனையாலும் தளையாலும் உண்மைச் சொல்லை உணர்ந்துகொள்வர். உரைநடைக்கு அத்தகைய துணை இல்லை. ஏரி உடைந்தது என்னும் செய்தியை எரி உடைந்தது என்று ஒருவர் படித்தால் என்னாகும்? சொற்களுக்கு இடையே இடம் விடுதலும், தொடர் முடிவில் புள்ளி இடுதலும், வினாவிற்கு ஓர் அடையாளம் இடுதலும் ஏட்டு வழக்கில் இல்லை. அச்சிலோ இவையெல்லாம் இடம்பெற்றன. பக்கத்தில் ஆசிரியர் இருந்து பிரித்துக் காட்டாமலே ஒருவன் தமிழைத் தானே படித்துப் பொருள் கொள்ளும் நிலை இங்ஙனம் வளர்ந்தது.

உரைநடை தமிழுக்குப் புதிதன்று. இளம்பூரணர், சேனாவரையர், பரிமேலழகர் முதலியோர் வரைந்த உரைகள் ஈடற்றன. ஆனால் அவ்வுரைகள் நூலைக் கற்கும் மாணாக்கனுக்காக எழுதப்பட்டன. சொற்சுருக்கமும் பொருட்செறிவும் அவற்றின் இயல்பு. செய்தித்தாளைப் படிப்பவனோ நன்னூல் கற்றவனாயும் இருக்கலாம். நெடுங்கணக்கை மட்டும் அறிந்தவனாயும் இருக்கலாம். உழவன் ஒருவனுக்கு எருவைப் பற்றிச் சொல்லவேண்டும். வணிகனுக்கு வரியைப் பற்றிச் சொல்லவேண்டும். பரிமேலழகர் நடையில் அதனைச் சொன்னால் உழவன் எழுந்து போய்விடுவான். தெருப்பேச்சில் சொன்னால் புலவன் தாளைக் கீழே போட்டுவிடுவான். இருவரும் ஏற்கும் ஒரு நடையை நாடவேண்டிய கட்டாயம் இதழாசிரியர்க்கு நேர்ந்தது. அந்நடை முதலிலேயே கைகூடிற்று என்று சொல்லுதற்கில்லை. அந்நாளைய கிறித்தவ உரைநடையில் ஆங்கிலத் தொடரமைப்பின் சாயல் மிகுதி; வடசொற் கலப்பும் மிகுதி. எனினும் தொடர்ந்து எழுத எழுத நடை தெளிந்தது. அதனை விரைந்து தெளிவித்தது மறுப்பு எழுதியோரின் எழுதுகோல்.

உதயதாரகை சமயப் பணிக்காகத் தோன்றிய இதழ். அந்நோக்கத்தை அது மறைக்கவில்லை. சைவ சமயத்தின் வழிபாட்டு முறைகளையும் புராணங்களையும் பழித்து எழுதிய கட்டுரைகள் அதன்கண் வெளிவந்தன. யாழ்ப்பாணத்துச் சைவர் உள்ளம் புண்பட்டது. அதற்கு முன்பும் கிறித்தவரை மறுத்துப் பாடிய சைவப் புலவர் இருந்தனர்; சுன்னாகம் முத்துக்குமார கவிராயர் அவருள் ஒருவர். ஆயினும், அப்பாடல்கள் ஏட்டிலும் வாய்மொழியிலும் வழங்கின. எதிர்த்தரப்பாரின் நூல்களோ அச்சில் நூற்றுக்கணக்காகப் பரவின. ஓலை ஒன்று எழுதி முடிவதற்குள் அச்சுத்தாள் ஊரெங்கும் சென்றுவிடும். போர்க்களத்தில் ஒருவன் தேரிலும் மற்றவன் தரையிலும் நிற்பது போன்ற நிலை அது.

இவ்விடத்தில் அவ்விதழின் ஆசிரியர் செய்த செயல் ஒன்று பாராட்டத்தக்கது. தம்மை மறுத்துச் சைவர் எழுதிய மடல்களையும் அவர் தம் இதழில் வெளியிட்டனர். அம்மடல்களுக்கு மறுமொழி எழுதினர். அம்மறுமொழிக்கு மறுப்பு வந்தால் அதற்கும் இடமளித்தனர். பகைவனுக்குத் தன் தேரிலேயே இடமளிப்பது எளிதான செயலன்று. இதனை அவர் அறம் கருதிச் செய்தாரா, வாதத்தில் தாமே வெல்வோம் என்னும் துணிவால் செய்தாரா, வாதம் நடந்தால் இதழை விரும்பிப் படிப்போர் பெருகுவர் என்று கருதிச் செய்தாரா என்று ஆராய்வதில் பயனில்லை. மூன்றும் கலந்திருத்தல் கூடும். எக்கருத்தால் செய்தாலும் செயல் நற்செயலே.

அக்காலத்தில் வெளிவந்த மடல் ஒன்று இன்றும் அறிஞரால் எடுத்துப் பேசப்படுகிறது. விவிலியத்தில் கூறப்பெறும் எருசலேம் ஆலய வழிபாட்டையும், சிவாலயங்களில் நிகழும் வழிபாட்டையும் அம்மடல் ஒப்பிட்டது. அங்கும் ஆலயம், இங்கும் ஆலயம். அங்கும் தீபமும் தூபமும், இங்கும் தீபமும் தூபமும். அங்ஙனமாக, ஒன்றைப் போற்றி மற்றொன்றைப் பழித்தல் எவ்வாறு பொருந்தும் என்பதே அதன் வினாவின் சாரம். பழித்தவர் போற்றும் நூலிலிருந்தே சான்று காட்டி அவரை மடக்கும் முறை அது. நல்லூர் ஆறுமுகனார் தம் இளமையில் எழுதிய மடல் அது என ஆராய்ச்சியாளர் கருதுவர்.

ஆறுமுகனார் 1822ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 18ஆம் நாள் பிறந்தவர். பேர்சிவல் என்னும் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, விவிலியத்தைத் தமிழில் பெயர்க்கும் பணியில் அவர்க்குத் துணைநின்றார். எதிர்த்தரப்பாரின் நூலை அவரினும் நுட்பமாக அறிந்தவர் சைவருள் இலர். நூலை மட்டுமன்று, கருவிகளையும் அவர் அறிந்துகொண்டார். பள்ளி, சொற்பொழிவு, அச்சுப்பொறி என்னும் மூன்றுமே பாதிரிமாரின் வலிமை என்பதை அவர் கண்டார். 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சொற்பொழிவைத் தொடங்கினார். 1848ஆம் ஆண்டில் அவ்வூரில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். எஞ்சியிருந்தது அச்சுப்பொறி.

1849ஆம் ஆண்டில் அவர் தம் மாணவர் சதாசிவபிள்ளையோடு தமிழ்நாட்டிற்கு வந்தார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனத்தில் சொற்பொழிவாற்றி நாவலர் என்னும் பட்டம் பெற்றார். சென்னையில் அச்சுப்பொறி ஒன்றை வாங்கி யாழ்ப்பாணம் கொண்டு சென்றார். வண்ணார்பண்ணையில் அதனை நிறுவி, வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். காரெட் என்னும் அயல்நாட்டார் பொருட்டு அரசு தடுத்த அச்சுப்பொறி, முப்பது ஆண்டிற்குள் சைவப் புலவர் ஒருவர் கைக்கு வந்துவிட்டது. பாடப்புத்தகங்களும் பெரியபுராண வசனமும் இலக்கண நூல்களும் அவ்வச்சகத்திலிருந்து வரலாயின. 1854ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், முன்னர் மடலில் கண்ட அதே ஒப்பீட்டு முறையை விரித்து எழுதிய நூலாகும். பிழையற்ற அச்சு, நிறுத்தக் குறிகள், தெளிவான தொடர் ஆகியவற்றால் நாவலர் உரைநடை தமிழ்நாடெங்கும் புகழ்பெற்றது. 1864ஆம் ஆண்டில் அவர் சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். தில்லைத் திருவாதிரைக்கு அடியவராய் வந்த நாட்டார், தில்லைக்கே பள்ளி கொண்டுவந்த வரலாறு இது. அப்பள்ளிக்கு வித்திட்ட காரணங்களுள் மானிப்பாய்ச் செய்தித்தாள் மூட்டிய வாதமும் ஒன்று.

வட்டுக்கோட்டைக் கல்லூரியோ 1855ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பள்ளிகளை நடத்துவதைவிடச் சமயம் பரப்புவதே முதற்கடமை என்று அமெரிக்காவிலிருந்த தலைமையினர் கருதியமையே அதற்குக் காரணம். அச்சகமும் உள்ளூர்க் கிறித்தவர் கைக்கு மாறியது. மூடப்பட்ட கல்லூரியில் பயின்ற இருவர், சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், 1857ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாயினர். பேர்சிவல் பாதிரியார் சென்னைக்கு வந்து 1855ஆம் ஆண்டில் தொடங்கிய தினவர்த்தமானி என்னும் இதழில் தாமோதரம்பிள்ளை பணியாற்றினார். பிற்காலத்தில் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் செல்லரித்த ஏடுகளிலிருந்து மீட்டு அச்சேற்றியவர் அவரே. செய்தித்தாளில் மெய்ப்புத் திருத்திப் பழகிய கண், பழந்தமிழ் ஏட்டின் பாடவேறுபாடுகளையும் காண உதவியிருக்கும் எனக் கொள்வதில் பிழையில்லை.

நாளடைவில் யாழ்ப்பாணத்தில் இதழ்கள் பெருகின. கத்தோலிக்கர் 1876ஆம் ஆண்டில் தமக்கென ஓர் இதழைத் தொடங்கினர். அடுத்த ஆண்டில் இலங்கைநேசன் தோன்றியது. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பஞ்சமும் பேதி நோயும் சேர்ந்து வந்தன. நாவலர் கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளுக்கு உணவளித்தார். அரசாங்க அதிபராயிருந்த துவைனம் என்பவரின் ஆட்சிக் குறைகளை எடுத்துக்காட்டி இதழ்களில் எழுதினார். சமய வாதத்திற் பயின்ற எழுதுகோல், அரசை நோக்கிக் கேள்வி கேட்கவும் துணிந்தது. நாவலர் 1879ஆம் ஆண்டில் மறைந்தார். 1888ஆம் ஆண்டில் சைவ பரிபாலன சபை அமைந்தது. அடுத்த ஆண்டு அச்சபையிலிருந்து இந்து சாதனம் வெளிவந்தது. உதயதாரகையின் மடற்பகுதியில் விருந்தினராய் இடம்பெற்ற சைவர், தமக்கென ஓர் இதழை உடையவராயினர்.

இனி, உதயதாரகையின் ஆசிரியருள் நெடுங்காலம் அப்பணியில் நிலைத்த ஒருவரைப் பற்றிச் சிறிது அறியவேண்டும். அவர் பெயர் சதாசிவம்பிள்ளை. நாவலரின் மாணவர் சதாசிவபிள்ளையின் வேறானவர் இவர். மானிப்பாயை அடுத்த நவாலியில் 1820ஆம் ஆண்டில் பிறந்து, வட்டுக்கோட்டையில் பயின்று, ஆர்னல்ட் என்னும் பெயரும் பெற்றார். கிறித்தவராயினும் தமிழ்ப் புலமையில் எவர்க்கும் குறைந்தவரல்லர். செய்யுள் இயற்றவும் வல்லவர். 1857ஆம் ஆண்டில் உதயதாரகையின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். பல்லாண்டுகள் ஆசிரியத் தொழிலும் இதழ்த் தொழிலும் அவரிடம் ஒருங்கே இருந்தன. பகலில் மாணவர் தவற்றைத் திருத்துவார். மாலையில் அச்சுத்தாளின் தவற்றைத் திருத்துவார் என்று அவர் வாழ்க்கையைச் சுருக்கிச் சொல்லலாம்.

அவர் பணியாற்றிய ஊரும் சொல்லுக்கு உரிய ஊராகவே இருந்தது. 58,500 சொற்களைக் கொண்ட யாழ்ப்பாண அகராதி 1842ஆம் ஆண்டில் அவ்வூர் அச்சகத்தில் வெளிவந்தது. மானிப்பாய் அகராதி என்றே அதனை வழங்குவாரும் உளர். உடுவில் சந்திரசேகர பண்டிதர் முதலியோரின் உழைப்பு அது. சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847ஆம் ஆண்டில் வந்து, மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கினார். உடலுறுப்புகளுக்கும் நோய்களுக்கும் மருந்துகளுக்கும் அவர் தமிழ்ச்சொல் தேடிய வேளையில், அறிவியலைத் தமிழால் சொல்ல இயலுமா என்னும் ஐயம் அவ்வூரில் ஒருவர்க்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. பிற்காலத்தில் அவ்வையம் கற்றோரிடையே எழுந்ததுதான் வியப்பு.

புத்தளத்தைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி என்பவர், தமிழ்ப் புலவர் 202 பேரின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தார். அந்நூல் 1859ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் அச்சாயிற்று. தமிழ்ப் புலவர் வரலாறு தமிழில் இல்லாமை ஆர்னல்டின் உள்ளத்தை உறுத்தியது. இதழாசிரியராய் இருந்து செய்தி திரட்டிய பழக்கம் அவர்க்கு இங்கே கைகொடுத்தது. காசிச்செட்டியின் நூலை அடிப்படையாகக் கொண்டு, மேலும் பல புலவரின் வரலாறுகளையும் பாடல்களையும் தேடிச் சேர்த்தார். 410 புலவரைப் பற்றிய பாவலர் சரித்திர தீபகம் உருவாயிற்று. இதழிலே சமய வாதம் நடத்தியவர், இந்நூலில் சமய வேலி இடவில்லை. சைவரும் வைணவரும் சமணரும் கிறித்தவரும் அகரவரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றனர். நாயன்மாரும் ஆழ்வாரும் நிற்கும் அதே வரிசையில், ஊரளவிலேயே பெயர் பெற்றுப் பாடி மறைந்த யாழ்ப்பாணத்துப் புலவரும் நிற்கின்றனர். அவருள் பலரைப் பற்றிய குறிப்பு வேறெங்கும் கிடைப்பதற்கரியது.

ஆர்னல்ட் அந்நூலை வெளியிட்டது 1886ஆம் ஆண்டில். அப்பொழுது அவருக்கு அகவை அறுபத்தாறு. நூல் அச்சேறியது மானிப்பாயில்.